பாலை நிறுத்தினால் ஓட்டிசம் குறையுமா?

2025 பெப்ரவரி 9 – மூதூரிலிருந்து ஒரு தாயின் கேள்வி

மகனுக்கு 4 வயது. ஓட்டிசம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சிக்குத் திகதி 3 மாதம் கழித்துத்தான். அதுவரை சும்மா இருக்க மனம் வரவில்லை. கனடாவில் இருக்கும் மச்சாள் பாலையும் கோதுமையையும் உடனே நிறுத்து என்கிறா. இங்கே ஒருவர் மூலிகைப் பொடி, எண்ணெய், குளியல் எல்லாம் சேர்த்து 90 நாள் பக்கேஜ் என்கிறார். காப்பை அடகு வைத்தால்தான் அந்தக் காசு வரும். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பெப்ரவரி 9, இரவு – திருகோணமலையிலிருந்து ஒரு தகப்பனின் பதில்

காப்பை அடகு வைக்காதீர்கள். பாலை நிறுத்துங்கள்.

எங்கள் சின்னவனுக்கு இப்போது 8 வயது. 5 வயது வரை சோறு என்றால் ஓடுவான், பால் என்றால் நிற்பான். ஒரு நாளைக்கு 5 கோப்பை, சில நாள் 6. 2022இல் பால்மாத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது 400 கிராம் பக்கெற் ஒன்றுக்காக விடிய 5 மணிக்குக் கடை வாசலில் நின்றிருக்கிறேன். மார்ச் மாதத்தோடு அதுவும் முடிந்தது. பாண் விலையும் எகிறியது. காலையில் அரிசிமாப் புட்டு, இரவில் அரிசிமா இடியப்பம் என்றாகிவிட்டது. கனடா மச்சாள் சொல்லும் அதே டயட், நாட்டில் டொலர் இல்லாத காரணத்தால் எங்கள் வீட்டுக்குத் தானாக வந்து சேர்ந்தது.

இரண்டே மாதம். கையைக் கடிப்பது நின்றது. இரவில் 4 மணி நேரம் தூங்கினால் பெரிய விஷயம் என்றிருந்தவன் 8 மணி நேரம் தூங்கினான். மே மாதம் ஒரு நாள் மாமியிடம் போய் “தண்ணி தா” என்றான். இரண்டு சொல்லைச் சேர்த்து அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று முதல் நான் பால் எதிர்ப்புக் கட்சி.

பெப்ரவரி 10

காரணம் என்ன என்று கேட்டவருக்கு. நான் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன், வைத்தியன் இல்லை. வாசித்ததைச் சொல்கிறேன்.

1979இல் ஜாக் பாங்செப் என்ற ஆய்வாளர், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளையில் அபின் மாதிரியான பொருட்களின் வேலை கூடுதலாக இருக்குமோ என்று ஒரு கேள்வியைப் போட்டார். பிறகு வந்தவர்கள் அதில் சாப்பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்: பாலில் உள்ள கேசினும் கோதுமையில் உள்ள குளூட்டனும் சரியாகச் செரிக்காமல் அபின் போன்ற துணுக்குகளாகி, குடலிலிருந்து கசிந்து மூளைக்குப் போகின்றன என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் விடுவதுதான் பகிடி. சீனக்குடாவில் பிறீமா மா ஆலை, கிண்ணியாவில் எருமைத் தயிர்ச் சட்டி. நடுவில் நாங்கள்.

பெப்ரவரி 16

மேலே எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

நான் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். 13 வயது, எதையும் லேசில் விடமாட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அப்பா, அப்ப கரண்டும் இல்லையே. ரீவியும் இல்லை, போனிலயும் சார்ஜ் இல்லை. நீங்களும் வீட்டிலதானே இருந்தீங்கள்.”

உண்மைதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அதற்கு முன் சின்னவன் காலையில் எழும்பி இரவு படுக்கும் வரை போனில் ஒரே கார்ட்டூனை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பான். அது நின்றது. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. பாமசியிலும் பாதி இறாக்கை காலி, அரை நாள்தான் வேலை. பின்னேரம் 4 மணிக்கே வீட்டில் இருப்பேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போவோம். போக வர ஒன்றரை மணி நேரம். வாழைப்பழத் தோலைப் பையில் சேர்த்து வைத்திருப்பான். உள்ளே மான்கள் நிற்கும் இடம் வந்ததும் ஒவ்வொரு தோலாக எடுத்து நீட்டுவான். மான் இழுக்கும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பிப் பார்ப்பது அதற்கு முன் இருந்ததே இல்லை.

ஆக, ஒரே மாதத்தில் பால் நின்றது, பாண் நின்றது, போன் நின்றது, தகப்பன் வீட்டுக்கு வந்தான், நடை வந்தது, மான் வந்தது. இவ்வளவும் மாறியிருக்க நான் பாலுக்கு மட்டும் மாலை போட்டிருக்கிறேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பாலை நிறுத்தச் சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மானுக்கு ஆள் இல்லை.

பெப்ரவரி 17

இல்லை, பாலில் ஒன்றும் இல்லை என்று முழுதாகப் பின்வாங்கவும் முடியவில்லை. இரவெல்லாம் யோசித்ததில் வேறொன்று நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

அவனுக்கு அப்போது மலச்சிக்கல். சாதாரணமானது இல்லை, 4 நாள், 5 நாள். எங்களிடம் நீல பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருந்தது. அதன் கைப்பிடியில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து அழுத்திக்கொண்டு கிடப்பான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு “அது ஓட்டிசப் பழக்கம்” என்று நாங்களே விளக்கம் வேறு சொல்வோம். கடைசியில் ஒரு டொக்டர் அவனைப் படுக்கவைத்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு வயிறு நோகுது, சொல்லத் தெரியேல்ல” என்றார். மலத்தை இளக்க லக்டுலோஸ் எழுதினார். ரத்தத்தில் இரும்பும் குறைவு. நாளைக்கு 5 கோப்பைப் பால் குடிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இரண்டும் வரலாம், ஓட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாலால் வயிறு நிரம்பினால் மீனுக்கும் கீரைக்கும் இடம் எங்கே?

பால் குறைந்தது, வயிறு இளகியது, நோவு போனது, தூக்கம் வந்தது, கடிப்பது நின்றது. இதற்கு அபின் தேவையில்லை. பேசத் தெரியாத பிள்ளை திடீரென்று கையைக் கடித்தால், தலையை இடித்தால், முதலில் வயிறு, பல், காது பாருங்கள். மூதூர் அக்கா, இதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 18

கதிரை இன்னும் இருக்கிறது. மகள் அதில் இருந்துதான் படிக்கிறாள்.

பெப்ரவரி 23

90 நாள் பக்கேஜ். பொடியின் பெயரைக் கேட்டு எழுதியிருந்தேன், “பெயர் சொல்ல மாட்டாராம், பரம்பரை இரகசியமாம்” என்று பதில் வந்திருக்கிறது. சரி, இதைக் கேளுங்கள்.

ஓட்டிசத்துக்குக் காரணம் தடுப்பூசியில் உள்ள பாதரசம் என்று ஒரு கூட்டம் வெளிநாட்டில் கிளம்பியது. தயோமெர்சல் என்ற பதனப் பொருளைச் சொன்னார்கள். டென்மார்க் 1992இலேயே அதை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் அங்கே ஓட்டிசம் என்று கண்டறிவது கூடித்தான் போனது. ஆனாலும் உடம்பிலிருந்து உலோகத்தை இழுத்து எடுக்கிறோம் என்று ‘கீலேஷன்’ வைத்தியம் வந்தது. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 5 வயதுப் பையன் ஒருவன் அதில் செத்தே போனான். ஏற்றிய மருந்து ரத்தத்திலுள்ள கல்சியத்தையும் சேர்த்து இழுத்ததில் இதயம் நின்றுவிட்டது. அந்த மருந்தில் ஒரே பெயரில் இரண்டு உப்பு உண்டு. ஒன்றில் கல்சியம் இருக்கும், மற்றதில் இராது. அவனுக்கு ஏற்றியது இல்லாததை. இறாக்கையில் பெயர் ஒத்த இரண்டு போத்தலைப் பக்கத்தில் வைக்காதே என்று எங்கள் முதலாளி ஏன் கத்துகிறார் என்பது அதை வாசித்த அன்றுதான் விளங்கியது.

இங்கேயோ தலைகீழ். இரகசியப் பொடிகளில் சிலவற்றில் செந்தூரம், பற்பம் என்று உலோகங்களைப் புடமிட்ட பொடிகளைச் சேர்ப்பார்கள். உள்ளே இருப்பதே பாதரசமும் ஈயமுமாக இருக்கலாம். 2004இல் பொஸ்ரன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்பதில் எந்தக் கட்சிக்கும் சந்தேகம் இல்லை. ஒருவர் பாதரசத்தை எடுக்கக் காசு கேட்கிறார், இன்னொருவர் போடக் காசு கேட்கிறார். ஒரே பிள்ளை.

பெப்ரவரி 24

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை ஐயா, கோபப்படாதீர்கள். கோணேசபுரியில் வளாகத்திலேயே அது பட்டப்படிப்பாக இருக்கிறது. எனக்கு மூட்டு நோவுக்கு எண்ணெய் கொடுக்கிறவரும் பதிவுபெற்ற சித்த வைத்தியர்தான். அவரிடமே இந்தப் பொடியைப் பற்றிக் கேட்டேன். “என்ன இருக்கு எண்டு சொல்லாத மருந்தை நான் என்ர பிள்ளைக்குக் குடுக்க மாட்டன்” என்றார். வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் உண்டு. ஞாபகசக்தி கூடியதோ தெரியாது, மாமி வாங்கிய கடனை மட்டும் யாரும் மறக்கவில்லை.

பெப்ரவரி 26

“இது பால்மாவோடு வந்த வெள்ளைக்காரன் வருத்தம், எங்கட ஆட்களிடம் இருந்ததில்லை” என்றவருக்கு: லியோ கானர் என்ற மனநல வைத்தியர் 1943இல் பெயர் வைத்தார், பிள்ளைகள் அதற்கு முன்பும் இருந்தார்கள். இலங்கையிலேயே நகரை அண்டிய பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பார்த்து 2009இல் வந்த ஆய்வு 93 பேருக்கு ஒருவர் என்று சொன்னது. என் அம்மாவின் ஊரில் ஒருவர் இருந்தார். நாள் முழுக்க வண்டிச் சில்லைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அவருக்கு ஊர் வைத்த பெயர் வேறு, அவ்வளவுதான்.

மார்ச் 2

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். போங்கள். சுகப்படுத்த இல்லை, குளிக்க.

எப்சம் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குளிப்பாட்டினால் மக்னீசியம் தோலால் இறங்கி மூளை அமைதியாகும் என்று ஒரு சிகிச்சை ஓடுகிறது. எங்களிடம் இயற்கையாகவே சுடுதண்ணி இருக்கிறதே என்று நாங்களும் ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் கன்னியா போனோம். ஏழு கிணறு. ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. சின்னவன் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவான், அடுத்த கிணற்றுக்குப் போவான், ஊற்றுவான். வரிசை மாறக்கூடாது. மூன்றாவதில் யாராவது நின்றால் நான்காவதுக்குத் தாண்ட மாட்டான், அங்கேயே நின்று கத்துவான். ஒரு நாள் பஸ் நிறைய வந்திறங்கிய யாத்திரிகர் கூட்டம். மூன்றாம் கிணற்றடியில் ஒரு வயதான சிங்கள அம்மா. இவன் கத்தக் கத்த அவ என்னை ஒரு தரம், இவனை ஒரு தரம் பார்த்தா. பிறகு தன் வாளியை நிரப்பி இவன் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றா. இவன் ஊற்றினான். நான்காவதுக்குப் போனான்.

குளித்த இரவு நன்றாகத் தூங்குவான். கடலில் விளையாடிய இரவும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

எப்சம் உப்பு எங்கள் கடையில் பேதியாக்கத்தான் விலைப்படும். அவனுக்கிருந்த வருத்தத்துக்கு அதைக் குளிக்காமல் குடித்திருந்தால் வேலை செய்திருக்கும். பகிடி. பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், டொக்டரிடம் கேளுங்கள்.

மார்ச் 5

டொல்பின் சிகிச்சை பற்றி லண்டன் அண்ணை அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். புளோரிடாவில் பிள்ளையைக் குளத்தில் இறக்கி டொல்பினோடு நீந்தவிடுகிறார்கள். ஆய்வு என்று காட்டியவற்றை மற்ற ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து, தண்ணீரும் விடுமுறையும் புது அனுபவமும் செய்த வேலையா, டொல்பின் செய்த வேலையா என்றே பிரிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். எங்களுக்கு டொல்பின் பஞ்சமில்லை. நிலாவெளியில் படகு பிடித்தால் கூட்டமாக வரும். படகுச் சத்தத்துக்கு எங்கள் ஆள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பலகைக்குக் கீழே போய்விட்டான். டொல்பின் அவனைப் பார்த்திருக்கலாம். அவன் பார்க்கவில்லை.

மார்ச் 8

“நீங்கள் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள், நாங்கள் கண்ணால் கண்டோம்” என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. நானும் கண்ணால் கண்டவன்தான் தங்கச்சி, மேலே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

செக்ரெட்டின் என்று ஒரு ஹோர்மோன். கணையத்தைச் சோதிக்க ஊசியாக ஏற்றுவார்கள். 1998இல் அமெரிக்காவில் 3 பிள்ளைகளுக்கு அப்படி ஏற்றிய பிறகு பார்வையும் பேச்சும் கூடியதாக ஓர் அறிக்கை வந்தது. தொலைக்காட்சியிலும் வந்ததும் பெற்றோர் அலைமோதினார்கள். அடுத்த வருடமே 60 பிள்ளைகளை எடுத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. கடைசியில் கணக்கில் வந்தது 56 பேர். செக்ரெட்டின் பெற்ற 28 பேரில் 9 பேர் தெளிவாக முன்னேறினார்கள். உப்புத் தண்ணீர் பெற்ற 28 பேரில் 7 பேர்.

அந்த 7 பிள்ளைகளின் தாய்மாரும் கண்ணால்தான் கண்டார்கள். பொய் சொல்லவில்லை. பிள்ளை வளர்கிறது, ஒரு மாதத்தில் ஏதாவது புதிதாகச் செய்கிறது, நாங்களும் அன்றைக்கு ஆசையோடு உற்றுப் பார்க்கிறோம். என்னைப் பிடித்து உலுக்கியது இதற்கு அடுத்த விஷயம். முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் 69 வீதம் பேர் அந்த மருந்தில் தங்களுக்கு இன்னும் விருப்பம் இருப்பதாகச் சொன்னார்களாம். அந்த அறையில் நானும் இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேன்.

மார்ச் 9

மனைவியோடு பேசி வீட்டிலேயே ஒரு சோதனை தொடங்கியிருக்கிறோம். காலையில் அவ ஒரு காசைச் சுண்டுவா. தலை விழுந்தால் அவனுடைய குரக்கன் கஞ்சியில் பால்மா, பூ விழுந்தால் தேங்காய்ப்பால். விழுந்ததைக் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒளித்துவைப்பா. இரவில் நானும் மகளும் ஆளுக்கொரு கொப்பியில் “இன்று பால்” அல்லது “பால் இல்லை” என்று எழுதுவோம். 28 நாள்.

மார்ச் 16

பாட்டு, மிருதங்கம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 9 நாடுகளில் 364 பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. இசைச் சிகிச்சையால் ஓட்டிச அறிகுறிகளின் அளவு குறையவில்லை. அதற்காகப் பாட்டை நிறுத்துவதா? எங்கள் ஆள் பத்திரகாளி அம்மன் கோயில் மேளத்தைத் தூரத்தில் நின்றால் ரசிப்பான். 50 அடிக்குள் போனால் ஓட்டம். அவனுக்கு எது இசை, எது இடி என்பதை அவனே வைத்திருக்கிறான்.

ஏப்ரல் 6

28 நாள் முடிந்தது. பால் 15 நாள், தேங்காய்ப்பால் 13 நாள். நான் சரியாகச் சொன்னது 13 நாள். நானும் ஒரு காசைச் சுண்டியிருக்கலாம். மகள் 16. அவள் கோப்பையை மணந்திருப்பாள் என்று மனைவிக்குச் சந்தேகம்.

இந்த 28 நாளில் அவன் மோசமாக இருந்தது 6 நாள். அதில் 5 நாள், அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவன் மலம் கழிக்கவில்லை. ஆறாவது நாள் பக்கத்து வீட்டில் கூரை அடித்தார்கள்.

ஏப்ரல் 8

கனடா தம்பி சொல்வது சரி. பால் புரதம் உடம்பிலிருந்து விலகக் கிழமைக்கணக்கு ஆகும் என்று நம்புகிறவர்களுக்கு என் நாளுக்கு நாள் மாறும் கணக்கு ஒன்றையும் நிரூபிக்காது. ஒரு பிள்ளை, ஒரு கோப்பை, ஒரு தகப்பன். முந்தாநாள் நான் எழுதிய தோரணை கொஞ்சம் கூடிவிட்டது.

ஆனால் நீங்கள் கேட்கும் மாதிரியான ஒன்றை அமெரிக்காவில் ரொச்செஸ்டரில் செய்திருக்கிறார்கள், 2016இல் வெளிவந்தது. 14 பிள்ளைகளை முதலில் கிழமைக்கணக்காகப் பாலும் கோதுமையும் இல்லாமல் வைத்து, பிறகு தெரியாமல் சிற்றுண்டியில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையில், தூக்கத்தில், வயிற்றில் வித்தியாசம் தெரியவில்லை. 14 பேர் கொஞ்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய 1ஐவிடப் பரவாயில்லை.

இரண்டு கிழமை பால், இரண்டு கிழமை இல்லை என்று திரும்பச் செய்வோமா என்று கேட்டேன். “நான் என்ன எலியே வளர்க்கிறன்?” என்றா மனைவி. விஷயம் முடிந்தது.

ஏப்ரல் 20

ஸ்டெம் செல், அதாவது மூல உயிரணுக்களை ஏற்றும் வைத்தியம். சென்னைக்குப் போய்வர எவ்வளவு முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். உறவில் ஒருவர் காணி விற்றுப் போய்வந்தார். பெயர் ஊர் வேண்டாம். பிள்ளை போன மாதிரியே திரும்பி வந்தது. அவர்களோடு இருந்து சாப்பிடும்போது யாரும் அந்தக் காணிப் பக்கம் பேச்சை எடுப்பதில்லை. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இலேயே வழிகாட்டல் போட்டிருக்கிறது: சில ரத்த நோய்களுக்கு எலும்பு மச்சை மாற்றுவது போன்றவை தவிர, மற்றவற்றில் ஸ்டெம் செல் ஆராய்ச்சியாக மட்டும் நடக்கலாம். ஆராய்ச்சி என்றால் உங்களிடம் காசு வாங்கக்கூடாது. பில் தந்தால் அது ஆராய்ச்சி இல்லை.

மே 4

தூக்கம். இந்த இழையில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

வெளிநாட்டில் பாரம் வைத்துத் தைத்த போர்வை விற்கிறார்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வில் பிள்ளைகள் அதனால் கூடுதலாகத் தூங்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதுதான் பிடித்திருந்தது. எங்கள் வெக்கையில் பாரப் போர்வை போட்டால் பிள்ளை வெந்துவிடும். நாங்கள் கண்டுபிடித்தது ஏணை. 6 வயதுப் பையனுக்கு ஏணையா என்று சிரித்தார்கள். மாமியின் பழைய நூல்சேலை இரண்டை மடித்து வளையில் கட்டினோம். உள்ளே போனால் சேலை நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். கால் வெளியே நீட்டியிருக்கும். 8 வயதிலும் அரை மணி நேரம் அதில் கிடந்துவிட்டுத்தான் பாய்க்கு வருவான். வளை மரம் பலமா என்று முதலில் பாருங்கள், நாங்கள் ஒரு தரம் விழுந்தோம்.

மெலடோனின் பற்றி: இந்தப் பட்டியலில் தூக்கத்துக்கு ஆதாரம் உள்ள பொருள் அதுதான், ஓட்டிசத்துக்கு இல்லை. அதையும் டொக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும். கவுண்டரில் என்னிடம் ரகசியமாகக் கேட்காதீர்கள்.

மே 5

பகிடி இல்லாமல் ஒன்று. சொட்டு மருந்து, ‘அற்புதக் கனிமம்’ என்று ஒரு கரைசல் இணையத்தில் விற்கிறார்கள். புளிப்பு ஒன்றோடு கலந்தால் குளோரின் டயொக்சைட் ஆகும். துணியும் கடதாசியும் வெளுக்கிற சாமான். குடலிலுள்ள புழுவைக் கொன்று ஓட்டிசத்தைப் போக்குமாம். பிள்ளையின் மலத்தில் ‘புழு’ விழுந்ததாகப் படம் போடுகிறார்கள். குடலின் உட்தோல் வெந்து உரிந்தால் அப்படித்தான் இருக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இலும் 2019இலும் எச்சரித்தது. யாராவது கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

மே 11

“தண்ணி தா” கதைக்கு ஒரு பின்கதை. நேற்று மாமி சொன்னா, மூன்று வருடமாக எனக்குத் தெரியாது.

அதற்கு முன் அவனுக்குத் தாகம் என்றால் நேரே போய்க் குழாயைத் திறந்து குடிப்பான். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 2022இல் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தாங்கி காலி, குழாயில் காற்றுத்தான் வந்தது. கிணற்றில் அள்ளிய தண்ணீரை மாமி மண்குடத்தில் ஊற்றி மேசையில், அவனுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தா. சிந்திவிடுவான் என்ற பயம். அவன் அவவின் கையைப் பிடித்துக் குடத்துப் பக்கம் இழுப்பான். அவ செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன வேணும்? தண்ணியா? தண்ணி தா எண்டு சொல்லு” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாவாம். நாளுக்குப் பத்துத் தரம். ஒன்றரை மாதம்.

இதைப் பேச்சுப் பயிற்சி மிஸ்ஸிடம் சொன்னேன். அவ சிரித்துவிட்டு, “நாங்கள் இதைத்தான் சம்பளத்துக்குச் செய்யிறம்” என்றா. விருப்பமான சாமானைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டாத மாதிரி வைப்பது, சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. காத்திருப்பதுதான் கஷ்டமாம். நாங்கள் எல்லோரும் 3 செக்கனில் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

மூதூர் அக்கா, திகதி வரும்வரை சும்மா இருக்க மனம் வரவில்லை என்று கேட்டீர்களே. மாமியின் குடம்.

செப்ரெம்பர் 24

இழையை மறந்தே போயிருந்தேன். இன்று கடையில் இரண்டு சம்பவம்.

காலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் பெனடோல் (பரசிற்றமோல்) கார்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தா. அமெரிக்க ஜனாதிபதி முந்தாநாள் சொன்னாராம், பிள்ளைக்கு ஓட்டிசம் வருமாம். காய்ச்சல் உடம்பு கொதிக்கிறது. 2024இல் சுவீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது என்று சொன்னேன். சுவீடனால் அவவுக்குத் திருப்தி இல்லை. கிளினிக் டொக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்த பிறகுதான் குடித்தா.

பின்னேரம் ஒருவர் ஃபோலிக் அமிலம் 10 கார்ட் கேட்டார். அதே அமெரிக்கச் செய்தியில் ஓட்டிசத்துக்கு மருந்தென்று சொன்னது ஃபோலினிக் அமிலம், லியூக்கோவோரின் என்று புற்றுநோய் வார்ட்டில் பாவிப்பது. இவர் கேட்டது கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சாதாரணக் குளிசை. ஓரெழுத்து வித்தியாசம். கொடுக்கவில்லை. அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

ஒக்டோபர் 5

மூதூர் அக்கா மகனின் வீடியோ அனுப்பியிருந்தா, பார்த்தேன். குடத்துக்குப் பதிலாக இறாக்கையில் மாரி பிஸ்கட். பிஸ்கட்டில் குளூட்டன் இருக்கிறதே என்று கனடா மச்சாள் சண்டை பிடிக்கிறாவாம். அது உங்கள் குடும்ப விஷயம், நான் வரவில்லை.

கிளினிக்குக்கு வரும்போது மலம், தூக்கம் எழுதிய கொப்பியையும் கொண்டுவாருங்கள். காலை 7 மணிக்கே நம்பர் எடுத்தால் நல்லது. கூட்டம் கூடினால் பிள்ளை தாங்க மாட்டான்.

ஒட்டகப்பால் கிடைக்காது, ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: கேசினுக்குப் பயந்து கேட்கிறீர்கள் என்றால், ஆட்டிலும் இருக்கிறது. ஒட்டகத்திலும் இருக்கிறது.